ஆற்றில் போட்டாலும்

மார்ச் மாதத்து முதல் செவ்வாய்.
பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து அரங்கில்
மடக்கு நாற்காலிகள் நூற்றுப் பன்னிரண்டு.
வெர்மான்ட் மலைகளுக்குள் எங்கள் சிற்றூர்
தன்னைத்தானே ஆண்டுகொள்ளும் ஒரே நாள்.
நான் ஊர் எழுத்தர்.
குறிப்பெடுப்பது என் வேலை;
கருத்துச் சொல்வது அல்ல.

பதினான்காவது பொருள்: டானர் ஓடைக் குழாய்.
சாலைக்கு அடியில்
நாலடி விட்டத்தில் துருப்பிடித்துக் கிடக்கும் நெளிதகரம்.
போன ஜூலையில் ஓடை அதற்குள் நுழைய முடியாமல்
சாலைமேல் ஏறி நடந்து வந்தது.
நூறு வருடத்துக்கு ஒருமுறை வரும் வெள்ளம் என்றார்கள்.
அதற்கு முந்தின ஜூலையில் வந்ததையும்
அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.
எங்கள் ஊரில் எல்லாமே மெதுவாக நடக்கும்.
நூற்றாண்டுகள் மட்டும் விரைகின்றன.

சாலைப் பொறுப்பாளர் அர்மான் திபோ எழுந்தார்.
தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டே
"பன்னிரண்டடி வேண்டும்" என்றார்.
வேறொன்றும் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டார்.

வெளியிலிருந்து வரும் நிவாரணப் பணம்
இருந்ததை இருந்தபடி கட்டத்தான்.
நாலடி உடைந்தால் நாலடி.
மீதி எட்டடி எங்கள் வீட்டு வரியில்.

ஓரின் பீஸ், பாதி மந்தையை விற்று
வரி கட்டியவர், மைக்கை வாங்காமலே கத்தினார்:
"ஆற்றில் போட்டாலும் அளந்து போடுங்கள்!"
பலத்த கைதட்டல்.
அளந்துதானே சொன்னேன் என்று
அர்மான் முணுமுணுத்தது
எனக்கு மட்டும் கேட்டது.
குறிப்பில் சேர்க்கவில்லை.

அடுத்து டெல்ஃபின் கான்யோன்.
"ராத்திரி இரண்டு மணிக்கு
நிலவறைக் கதவை யாரோ தட்டினார்கள்.
திறந்தேன்.
என் உறைபெட்டி மிதந்து படியேறி வந்திருந்தது.
உள்ளே ஒரு மான் முழுசாக."
அரங்கம் சிரித்தது. அவளும் சிரித்தாள்.
உட்கார்ந்த பிறகும்
முன்நாற்காலியின் முதுகைப்
பிடித்த கை பிடித்தபடியே இருந்தது.

கோடைவீட்டு பாஸ்டன்காரர் கையைத் தூக்கினார்.
அவருக்கு வரி உண்டு, ஓட்டு இல்லை.
பேச அனுமதிக்கலாமா என்று
அதற்கொரு ஓட்டெடுப்பு.
அனுமதித்தோம்.
நன்றி என்றார். அதற்குள்
என்ன சொல்ல வந்தார் என்பதை மறந்திருந்தார்.

மதியம் அவரைக் கஞ்சி, மேப்பிள் பணியாரம்.
ஓரினுக்கு வெண்ணெய் நகர்த்தியது டெல்ஃபின்தான்.
அவர் வீடு ஓடைக்கு மேலே,
அவள் வீடு கீழே.
ஒரே தண்ணீர், ஒரு மணி நேர வித்தியாசம்.

சாப்பிட்டு வந்ததும் யாரோ
திருத்தம் கொண்டுவந்தார்கள்: எட்டடி.
நாலுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில்,
யாரும் யாரிடமும் தோற்காத ஓர் எண்.
ஆம் என்ற சத்தமும் இல்லை என்ற சத்தமும்
சமமாகக் கேட்டதால் சீட்டு, மரப்பெட்டி, எண்ணிக்கை.
ஐம்பத்தேழுக்கு ஐம்பத்திரண்டு. எட்டடி.

ஓடைக்கு இந்தத் திருத்தத்தின் நகலை
யாரும் அனுப்பவில்லை.
அனுப்புவதென்றால் நான்தான் அனுப்ப வேண்டும்.

என் சீட்டு இரகசியம்.
இருந்தாலும் எழுதுகிறேன்: எட்டுக்குத்தான் போட்டேன்,
பன்னிரண்டு தோற்றுவிடும் என்ற பயத்தில்.
தோற்றிருக்குமா என்று இப்போது தெரிய வழியில்லை.

நாலு மணிக்குக் கூட்டம் கலைந்தது.
வெளியே மழை.
இந்த மாதத்தில் பனி பெய்ய வேண்டும்.
முழங்கால் உயரப் பழைய பனியின்மேல்
மழை கொட்டிக்கொண்டிருந்தது.
வண்டிகளைக் கிளப்பியவர்கள்
கண்ணாடி துடைப்பானைப் போட்டார்கள்;
யாரும் அதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

டானர் ஓடையருகே
அர்மானின் லாரி மஞ்சள் விளக்கைச்
சிமிட்டிக்கொண்டு நின்றது.
குழாய் வாயில் இடுப்பளவு சரிவில் இறங்கி
நீண்ட கொக்கியால் கிளைகளை இழுத்துக்கொண்டிருந்தார்.
நானும் நிறுத்தினேன்.

"என் பெயருக்கு எதிரே
என்ன எழுதியிருக்கிறாய்?"

"பன்னிரண்டு."

"சரி" என்றார்.
"அந்தக் கிளையைப் பிடி.
அதில்லை, அதற்கு அடியில் இருப்பது."